மேஜைப் பலகையைக் கையாலேயே பூட்டி, கையாலேயே கழற்றலாம்: ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகை வீடு மாறும் நாளில் அதிகம் அடிபடுவது மேஜைதான். கட்டில் கழன்றுவிடும். பீரோவை நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுவார்கள். மேஜை மட்டும் மாடிப்படித் திருப்பத்தில் காலை நீட்டிக்கொண்டு சிக்கிக்கொள்ளும்.

கடையில் வாங்கிய என் பழைய மேஜையின் பலகை, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு. முதல் முறை கழற்றி மாட்டியபோது ஸ்குரூ நன்றாகத்தான் பிடித்தது. இரண்டாவது முறை லேசாகச் சுற்றியது. மூன்றாவது வீட்டில் பலகையைத் திருப்பிப் போட்டபோது ஓட்டையிலிருந்து தூள் கொட்டியது, ஸ்குரூவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாலே கையோடு வந்தது. கால்களும் சட்டமும் நல்ல நிலையில் இருந்தும் மேஜை வீணானது. அதன் பிறகு நான் செய்த மேஜை எதிலும் பலகையைச் சட்டத்தோடு ஸ்குரூ வைத்து இறுக்கவில்லை.

கையாலேயே என்று நான் சொல்வது மேஜையைப் பூட்டுவதற்கும் கழற்றுவதற்கும்தான். செய்யும்போது ஒரு தடவை ரம்பம், டிரில், உளி, இழைப்புளி எல்லாம் வேண்டும். செய்து முடித்த பிறகு ஸ்குரூடிரைவரோ ஸ்பானரோ தேடக் கூடாது, அவ்வளவுதான். ஒரு முறை நன்றாகச் செய்துவிட்டால், இரண்டு பேர் இருந்தால் சில நிமிடங்களில் பிரித்துவிடலாம்.

பலகை எப்படியெல்லாம் நகரப் பார்க்கும்

எந்தப் பூட்டு நல்லது என்று யோசிப்பதற்கு முன்னால், அது எதைத் தடுக்க வேண்டும் என்று பார்த்துவிடுவோம். கல்யாண மண்டபங்களில் இரும்பு ஸ்டாண்டு மேல் நீளப் பலகையைப் போட்டுப் பந்தி விரிப்பார்கள் அல்லவா? அங்கே பலகையைப் பிடித்திருப்பது அதன் எடை மட்டும்தான். யாராவது முழங்கையால் தள்ளினால் பலகை வழுக்கும். முனையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றி எழுந்தால் மறுமுனை எழும்பும். சாம்பார் வாளி வைத்திருக்கும் இடமாக இருந்தால் சொல்லவே வேண்டாம்.

ஆக, முதலாவது வழுக்கல், முன்னே பின்னே பக்கவாட்டில். இரண்டாவது எழும்பல். மேஜையை நகர்த்தும்போது எல்லோரும் பலகையைப் பிடித்துத்தான் தூக்குவார்கள். அப்போது சட்டத்தின் எடை முழுவதும் பூட்டில் தொங்கும். மூன்றாவது ஒன்று கண்ணுக்குத் தெரியாது: மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும்.

இந்த மூன்றையும் ஒரே ஸ்குரூவின் தலையில் கட்டுவதால்தான் அது சீக்கிரம் தளர்கிறது. என் அனுபவத்தில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் வைப்பதுதான் வழி. வழுக்கலைத் தடுக்கப் பலகைக்குக் கீழே ஒரு கட்டை. எழும்பலைத் தடுக்க ஒரு பூட்டு. உப்பிச் சுருங்கக் கொஞ்சம் இடைவெளி. வழுக்கலைக் கட்டை பார்த்துக்கொண்டால் பூட்டுக்கு வேலை மிகக் குறைவு. விரலால் தள்ளும் மரமுளையே போதுமானதாகிவிடும்.

இது ஒன்றும் புதிய யோசனை கிடையாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வட இந்தியாவின் ரூர்க்கியில் இருந்த இராணுவப் பொறியாளர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் ரூர்க்கி நாற்காலியைப் படத்திலாவது பாருங்கள். முகாமுக்கு முகாம் சுருட்டி எடுத்துப்போகும் நாற்காலி அது. குறுக்குக் கம்புகளின் முனை கூம்பாகச் சீவப்பட்டிருக்கும், காலில் அதற்கேற்ற கூம்புத் துளை. பசை கிடையாது, ஆணி கிடையாது. தோலோ கான்வாஸோ இழுத்துக் கட்டியிருக்கும். ஆள் உட்கார உட்கார இணைப்பு இறுகும். மேடு பள்ளத் தரையில்கூட நாலு காலும் ஊன்றி நிற்கும். கூம்பு உள்ளே போகப் போக இறுகும் என்ற அந்தக் குணத்தைத்தான் நாமும் மேஜைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறோம்.

உங்கள் பலகை எது?

பிளைவுட், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் இரண்டும் அகலத்தில் நகர்வது மிகக் குறைவு, கணக்கில் எடுக்க வேண்டாம். முழு மரப் பலகை அப்படியில்லை. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது, ரேகைக்குக் குறுக்கே, அதாவது அகலத்தில், மாறும். தேக்கு மற்ற பல மரங்களைவிடக் குறைவாக நகரும் மரம். அதிலேயே 750 மி.மீ. அகலப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினால் அகலம் 5 மி.மீட்டருக்கு மேல் கூடலாம். கோடையில் இறுக்கிப் பூட்டிய பலகைக்கு ஐப்பசி மழையில் போக இடம் இல்லையென்றால் அது நடுவில் முதுகு தூக்கும். மழையில் பூட்டியதென்றால் சித்திரையில் வெடிப்பு விடும். பலகை வெடித்தால் மரத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். பல நேரம் தப்பு பூட்டினவர்மேல்.

பார்ட்டிகிள் போர்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: அதில் எதையும் நேரடியாகத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். கீழே ஒரு ரீப்பர் கட்டையை, அதாவது குறுகலான நீள மரத்துண்டை, பசை போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டு, பூட்டை அந்தக் கட்டையில் அமையுங்கள். ஒட்டும் இடத்தில் மைக்கா போன்ற வழவழப்பான மேல்தாள் இருந்தால் அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் பசை பிடிக்கும்.

முளைப்பூட்டு: நான் முதலில் சொல்லும் முறை

நான்கு கால் மேஜை எதற்கும் இது பொருந்தும். அளவு தெளிவாக இருக்க ஒரு மேஜையை எடுத்துக்கொள்வோம். பலகை 1200-க்கு 600 மி.மீ., 18 மி.மீ. பிளைவுட். எடை 8, 9 கிலோ வரும். கால்கள் 50-க்கு 50. கால்களை இணைக்கும் பக்கச் சட்டங்கள் 75 மி.மீ. உயரம், 25 மி.மீ. கனம், காலின் வெளிமுகத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே தள்ளியிருக்கின்றன. பலகை நாலு பக்கமும் 30 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சட்டத்தின் வெளியளவு 1140-க்கு 540. உங்கள் மேஜை வேறு அளவாக இருந்தால் கணக்கை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

யோசனை இதுதான். பலகையின் அடியில் இரண்டு ரீப்பர் கட்டைகள், குட்டைப் பக்கச் சட்டங்களின் உள்முகத்தை ஒட்டி அகலவாக்கில் உட்காரும். கட்டையின் இரு முனைகளும் இரண்டு கால்களுக்கு நடுவே பொருந்தும். பலகையை வைத்தவுடனே அது எந்தப் பக்கமும் வழுக்க முடியாது. அப்புறம் சட்டத்தின் வெளியிலிருந்து ஒரு கூம்பு முளை சட்டத்தையும் கட்டையையும் ஊடுருவிப் போகும். கட்டையின் துளை ஒரு மயிரிழை மேலே இருப்பதால், முளை உள்ளே போகப் போகக் கட்டையைக் கீழே இழுக்கும். பலகை சட்டத்தின்மேல் அழுந்தி உட்காரும். பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நாலு முளை.

முதலில் சட்டத்தைச் சரிபாருங்கள். மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இந்த அளவுச் சட்டத்தில் இரண்டும் 1261 மி.மீ. அளவில் ஒன்றாக வர வேண்டும். அப்புறம் நாலு காலின் தலையிலும் ஒரு குண்டூசி குத்தி, மூலைக்கு மூலை இரண்டு நூலை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் இரண்டு நூலும் லேசாகத் தொட்டுக்கொண்டால் சட்டம் மட்டமாக இருக்கிறது. கீழ்நூல் மேல்நூலைத் தள்ளினாலோ, நடுவில் இடைவெளி தெரிந்தாலோ சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அதை இப்போதே இழைத்துச் சரிசெய்யுங்கள். முறுக்கின சட்டத்தில் பலகையை முளை போட்டு இறுக்கினால், முறுக்கு பலகைக்கு ஏறும், கூடவே ஒரு கால் தரையை விட்டு எழும்பும்.

அடுத்தது கட்டைகள். கால்களுக்கு இடையே 540-ல் இரண்டு ஐம்பது போக 440 மி.மீ. இருக்கும். கட்டையை 438 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரம், 25 மி.மீ. கனத்தில் அறுத்துக்கொள்ளுங்கள். தேக்கு மிச்சம் இருந்தால் நல்லது. வேங்கையும் சரிதான். முடிச்சு இருக்கும் துண்டு வேண்டாம். முளைத்துளை பக்கத்தில் முடிச்சு இருந்தால் அங்கேதான் பிளக்கும்.

தரையில் பழைய போர்வை விரித்து, பலகையைக் கவிழ்த்துப் போடுங்கள். சட்டத்தையும் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். நாலு பக்கமும் 30 மி.மீ. வருகிறதா என்று பார்த்து நகர்த்துங்கள். சரியாக வந்ததும் சட்டம் நகராமல் இருக்க யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இப்போது கட்டையைக் குட்டைச் சட்டத்தின் உள்முகத்தை ஒட்டி வைக்கவும், ஆனால் முழுக்க ஒட்டாமல். நடுவில் மூன்று விசிட்டிங் கார்டைச் செருகுங்கள், ஏறக்குறைய 1 மி.மீ. இடைவெளி கிடைக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் வார்னிஷ் அடித்த பிறகு பலகை உள்ளே இறங்காது. அதிகமானால் மேஜை ஆடும். பென்சிலால் கட்டையைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுச் சட்டத்தை எடுத்துவிடுங்கள்.

பிளைவுட் என்றால் கோட்டுக்குள் மரப்பசை தடவிக் கட்டையை வைத்து, கீழிருந்து நாலு ஸ்குரூ போடுங்கள். இந்த ஸ்குரூவை இனி ஒரு நாளும் கழற்றப் போவதில்லை. கட்டை 50 மி.மீ. உயரம் ஆகையால் ஸ்குரூத் தலை உள்ளே போக 25 மி.மீ. ஆழத்துக்குப் பெரிய துளை போட்டு, மீதி 25-க்குச் சின்னத் துளை போட வேண்டும். 38 மி.மீ. ஸ்குரூ போட்டால் பலகைக்குள் 13 மி.மீ. பிடிக்கும். பலகை 18 தான், மனதில் இருக்கட்டும். முளை வரப்போகும் இடத்துக்கு நேராக ஸ்குரூ போட்டுவிடாதீர்கள்.

முழு மரப் பலகை என்றால் பசையே கூடாது. நடுவில் உள்ள ஒரு ஸ்குரூவுக்கு மட்டும் வட்டத் துளை. மற்றவற்றுக்குக் கட்டையின் நீளவாக்கில் நீள்துளை. பலகை உப்பும்போது ஸ்குரூவோடு இருபக்கமும் சமமாக நகர்ந்துகொள்ளும். கை தேர்ந்த ஆசாரிகள் இந்த இடத்தில் ஸ்குரூவே போட மாட்டார்கள். பலகையின் அடியில் புறாவால் வடிவத்தில் ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, கட்டையின் மேல்விளிம்பையும் அதே வடிவில் சீவி, பக்கத்திலிருந்து உள்ளே தள்ளிவிடுவார்கள். கட்டை பலகையை வளையவிடாது, நகரவும் விடும். நடுவில் ஒரே ஒரு மரமுளை அடித்து நிறுத்தினால் முடிந்தது. காடி வெட்டும் ரௌட்டர் மெஷின் இருந்தால் இதை நீங்களும் செய்யலாம். முதல் மேஜையிலேயே முயல வேண்டாம்.

இப்போது துளை. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

குட்டைச் சட்டத்தின் வெளிமுகத்தில், மேல்விளிம்பிலிருந்து 30 மி.மீ. கீழே ஒரு கோடு இழுங்கள். ஒவ்வொரு காலின் உள்முகத்திலிருந்தும் 100 மி.மீ. தள்ளி அந்தக் கோட்டில் புள்ளி வையுங்கள். பின்பக்கம் ஒரு துண்டுக் கட்டையை முட்டுக்கொடுத்து, மூலைமட்டத்தைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபடி, 12 மி.மீ. பிட்டால் நேராகத் துளை போடுங்கள். முட்டு இல்லாமல் போட்டால் பிட் வெளிவரும் இடத்தில் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயரும்.

பலகையைச் சட்டத்தின்மேல் சரியாக வையுங்கள். டிரில் மெஷின் வேண்டாம். நடுவில் கூர்முனை உள்ள 12 மி.மீ. பிட்டைக் கையில் எடுத்து, சட்டத்தின் துளை வழியாக நுழைத்து, கட்டையில் முட்டியதும் இரண்டு சுற்று திருகுங்கள். கட்டையில் ஒரு குத்துப் புள்ளி விழும். நாலு இடத்திலும் இப்படிச் செய்துவிட்டுப் பலகையைத் தூக்கிக் கவிழ்த்துப் போடுங்கள்.

இனி அந்தப் புள்ளியிலிருந்து 1 மி.மீ. பலகையை நோக்கி நகர்த்திப் புதிய புள்ளி வைக்க வேண்டும். பலகையை நோக்கி. ஆசாரிமார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 3 மி.மீட்டருக்குச் சற்று அதிகம். இந்த நகர்வு அதில் மூன்றில் ஒரு பங்கு. கூர்மையான பென்சில் கோட்டின் கனமே அரை மி.மீ. வரும் என்பதால், கத்தி நுனியால் கீறுவது நல்லது. பலகை கவிழ்ந்து கிடக்கும்போது மேல் எது, கீழ் எது என்று குழம்பும். நான் என் முதல் மேஜையில் இரண்டு துளைகளை எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டேன். முளையைத் தள்ளினேன், அந்தப் பக்கம் பலகை கீழே இறங்குவதற்குப் பதிலாக மேலே எழும்பி நின்றது. அந்தத் துளைகளில் பசை தடவின மரக்குச்சியை அடித்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, திரும்பத் துளைத்தேன். அதிலிருந்து, துளை போடும் முன் கட்டையின்மேல் பலகையைக் காட்டி ஒரு அம்புக்குறி வரைந்துவிடுகிறேன்.

புதிய புள்ளியில் 12 மி.மீ. துளை. கட்டை முழுக்க ஊடுருவிப் போக வேண்டும். துளைக்குக் கீழே 15 மி.மீ. மரம் மிஞ்சும், அது போதும்.

முளை செய்வது எனக்குப் பிடித்த பகுதி. கட்டையை விடக் கடினமான மரம் வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் எடுத்த கருவேலம் இதற்கு அருமை. கிடைக்காவிட்டால் நல்ல வைரம் பாய்ந்த தேக்குத் துண்டு. ரேகை முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். அறுத்த குச்சியில் ரேகை சாய்ந்திருந்தால் ஒரு அடியில் முறியும். அதனால் நான் முளைக்கு மரத்தை அறுப்பதில்லை, உளியை வைத்துப் பிளந்து எடுக்கிறேன். பிளக்கும் மரம் தன் ரேகையோடுதான் பிளக்கும்.

100 மி.மீ. நீளத்தில் 12-க்கு 12 சதுரக் குச்சி. தலைப்பக்கம் 10 மி.மீ. விட்டுவிட்டு, அங்கிருந்து நுனி வரை 12-லிருந்து 9 ஆகக் குறையும்படி நாலு பக்கமும் சீராக இழைத்து வாருங்கள். அப்புறம் நாலு மூலையையும் மட்டப்படுத்தினால் எண்கோணம் வரும். அதுவே போதும், முழு உருண்டையாக வேண்டியதில்லை. உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. 90 மி.மீ. ஓட்டத்தில் 3 மி.மீ. குறைவது, முப்பதுக்கு ஒன்று என்ற சரிவு. இவ்வளவு மென்மையான சரிவில் மரத்துக்கு மரம் உராய்வே பிடித்துக்கொள்ளும், தானாகப் பின்னுக்கு வராது. சரிவைக் கூட்டினால் சீக்கிரம் இறுகுவதுபோல் தெரியும், மேஜை அதிர அதிர முளை வெளியே நழுவும்.

இரண்டு துளைகளும் 1 மி.மீ. ஏறுமாறாக இருப்பதால் அவை சேரும் இடத்தில் 11 மி.மீ. வழிதான் இருக்கும். முளை அங்கே 11 மி.மீ. கனம் ஆகும் வரை எளிதாகப் போய், பிறகு நிற்கும். அந்த இடம் தலையிலிருந்து சுமார் 40 மி.மீ. சட்டத்தின் கனம் 25, ஆக 15 மி.மீ. தலை வெளியே தெரியும். அதிகம் நீட்டினால் உடம்பை ஒரு தேய்ப்புக் குறையுங்கள், உள்ளே போகும். உள்பக்கம் நுனி 35 மி.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்கும். கழற்றும்போது அதைத்தான் தட்ட வேண்டும், முழுக்க வெட்டிவிடாதீர்கள். முழங்காலில் இடிக்காத அளவுக்கு 10 மி.மீ. மட்டும் விட்டு மீதியை அறுத்து, முனையை உருட்டிவிடுங்கள்.

முளையை உள்ளங்கையால் தள்ளுங்கள். நின்றதும் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஒரு தட்டு. முதல் தட்டில் சத்தம் பொத்தென்று வரும். இறுகி உட்கார்ந்ததும் கெட்டியான சத்தமாக மாறும். காதில் விழுந்துவிட்டால் அதற்கு மேல் அடிக்காதீர்கள். ஒரு காகிதத்தைப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே நுழைத்துப் பாருங்கள். முளை இருக்கும் இடத்தில் நுழையக் கூடாது.

ஒவ்வொரு துளையும் கொஞ்சம் மாறித்தான் இருக்கும், அதனால் எந்த முளை எந்தத் துளைக்கு என்று அடையாளம் அவசியம். உளி நுனியால் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு கோடு முளைத் தலையிலும், சட்டத்தின் உள்பக்கமும் போடுங்கள். பேனாவால் எழுதினால் இரண்டு வருடத்தில் அழியும். வார்னிஷ் அடிக்கும்போது துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைமேல் வார்னிஷ் வேண்டாம், மெழுகுவர்த்தியை ஒரு முறை தேய்த்தால் போதும்.

கடைசியாகச் சோதனை. ஒருவர் பலகையை மட்டும் பிடித்து மேஜையைத் தூக்கட்டும். இன்னொருவர் கீழே குனிந்து கட்டைக்கும் பலகைக்கும் நடுவே, முளைக்குப் பக்கத்தில் ஏதாவது திறக்கிறதா என்று பார்க்கட்டும். பிறகு ஒரு மூலையில் இடுப்பை வைத்து அசைத்துப் பாருங்கள். முதல் கோடையில் மரம் சுருங்கி முளை லேசாகத் தளரலாம். திரும்ப ஒரு தட்டுத் தட்டினால் சரியாகிவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு ஆப்பு ஜாதிப் பூட்டுகள்மேல் தனிப் பிரியம். தேய்ந்ததையும் சுருங்கியதையும் அது தானே ஈடுகட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே இருக்கும் மரமேஜைக்குத் திருப்புக்கட்டை

பழைய வலை அலமாரிக் கதவில் ஒற்றை ஆணியில் சுழலும் ஒரு மரத்துண்டு இருக்கும், அதைத் திருப்பினால் கதவு நிற்கும். அதையே மேஜைக்கு அடியில் வைக்கலாம். புதிதாகப் பலகை செய்ய மனமில்லாதவர்களுக்கு, குறிப்பாக முழு மரப் பலகைக்கு, இதுதான் என் சிபாரிசு. சட்டத்தின் உள்முகத்தில், மேல்விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே, 8 மி.மீ. அகலத்தில் ஒரு காடி. பலகையின் அடியில் சுழலும் மரத்துண்டு, அதன் ஒரு முனையில் காடிக்குள் போகும் நாக்கு. நாக்கின் மேல்பக்கத்தை, அதாவது பலகையைப் பார்க்கும் பக்கத்தை, முதலில் நுழையும் மூலையில் சற்று மெலிதாகச் சீவி, அங்கிருந்து போகப் போகக் கனமாக விட்டால், திருப்பும்போது வழுக்கி ஏறிப் பலகையைக் கீழே இழுக்கும். நாக்கு காடியின் ஆழத்துக்கு முழுக்கப் போகாமல் 3 மி.மீ. குறைவாக இருக்கட்டும். பலகை நகர அந்த இடம் வேண்டும்.

பக்கத்துக்கு இரண்டு துண்டு போதும். இது எழும்பலை மட்டும்தான் தடுக்கும் என்பதை மறக்க வேண்டாம். வழுக்கலுக்கு இரண்டு குட்டைச் சட்டங்களின் மேல்விளிம்பிலும் நடுவில் 10 மி.மீ. முளை ஒன்று நிற்க வைத்து, பலகையின் அடியில் அதற்கான குழி போடுங்கள்.

கைப்பிடி போல்ட்

அலுவலக மேஜைக்கும், தினமும் தள்ளி இழுக்கும் தையல் மேஜைக்கும் இது பொருத்தம். பலகையின் அடியில் உள்மரை உள்ள இன்செர்ட் நட்டை ஒரு முறை இறக்கிவிட வேண்டும். சட்டத்தின் மூலையில் இருக்கும் கட்டை வழியாக, பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த 6 மி.மீ. போல்ட் ஏறி அதில் இறுகும். இரும்போடு இரும்பு உரசுவதால் எத்தனை முறை கழற்றினாலும் மரம் தேயாது. நட்டைக் கொஞ்சம் எபாக்ஸி பசை தடவி இறக்குங்கள், இல்லையென்றால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் கழன்று வரும்.

இங்கே போல்ட்டின் நீளத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். மூலைக்கட்டை 25 மி.மீ., வாஷர் 2, பலகை 18 என்று வையுங்கள். 40 மி.மீ. போல்ட் பலகைக்குள் 13 மி.மீ. போகும், மேலே 5 மி.மீ. மிஞ்சும். 45 மி.மீ. போல்ட் 18 மி.மீ. போகும், அதாவது பலகையின் மேல்முகம் வரை. கடையில் 40 இல்லை, 45 எடுத்துக்கொள் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியில்லை என்றால் வாஷரைக் கூட்டி 5 மி.மீட்டரைத் தின்ன வையுங்கள். முழு மரப் பலகைக்கு மூலைக்கட்டையின் துளை வட்டமாக இல்லாமல், பலகையின் அகலவாக்கில் 7-க்கு 16 மி.மீ. நீள்துளையாக இருக்க வேண்டும்.

இரும்புச் சட்டத்துக்குச் சாவித்துளை

வெல்டிங் செய்த சதுரக் குழாய்ச் சட்டத்தில் மரமுளைக்கு இடம் குறைவு. அங்கே சாவித்துளைத் தகடு நன்றாக வேலை செய்யும். சுவரில் கடிகாரம் மாட்டும் துளையைப் பாருங்கள், தலை நுழைய அகலமான வாய், அதைத் தொடர்ந்து கழுத்து மட்டும் போகும் குறுகிய பள்ளம். சட்டத்தின் மேல் தலை உள்ள நாலு போல்ட்டை நிறுத்தி, பலகையின் அடியில் நாலு தகடு. வைத்து, 20 மி.மீ. தள்ளினால் பூட்டிவிடும். நாலு பள்ளமும் ஒரே திசையைப் பார்க்க வேண்டும். தலையும் தகடும் உரசும் அளவுக்குப் போல்ட் உயரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.

தள்ளினால் பூட்டுவது தள்ளினால் திறக்கவும் செய்யும். எனவே ஒரு நிறுத்தம் கட்டாயம் வேண்டும்: இரும்புப் பெட்டியில் இருப்பதுபோல் மடக்கிப் போடும் கொக்கி ஒன்று, அல்லது சட்டத்தின் ஊடாகப் பலகைக்குள் செருகும் ஒரு ஊசிமுளை. தள்ளும் திசையைச் சுவர் பக்கமாக வைத்தால் இன்னும் நல்லது. மேஜையில் சாய்ந்து வேலை செய்பவர் தள்ளத் தள்ளப் பூட்டு இறுகத்தான் செய்யும்.

காந்தம், கண்ணாடி, மற்றவை

நியோடைமியம் காந்தத்தை நேராக இழுத்துப் பிரிப்பது கடினம், பக்கவாட்டில் வழுக்கவிடுவது எளிது. அட்டையில் போட்டிருக்கும் கிலோக் கணக்கு நேர் இழுப்புக்குத்தான். வழுக்கலுக்குக் கட்டை வைத்துவிட்டு, பலகை தடதடக்காமல் இருக்கக் காந்தம் வைத்தால் சரி. அதை மட்டும் நம்பிப் பலகையைத் தூக்காதீர்கள்.

10 மி.மீ. கண்ணாடிப் பலகை இதே அளவில் 18 கிலோ வரும். அதற்குச் சொந்த எடையும், சிலிக்கான் பொத்தான்களும், நாலு மூலையில் சின்னத் தடுப்பும் போதும். டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கடினப்படுத்திய, கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது, அப்படியே நொறுங்கிவிடும். துளை வேண்டுமானால் டஃபன் செய்யும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஐக்கியா மேஜைகளிலும் அலமாரிகளிலும் வரும் வரிவரியான மரமுளையைப் பார்த்து அதேபோல் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வரிக்குத் தக்க பள்ளத்தை ஆலை மெஷின்தான் துல்லியமாக வெட்டும். வீட்டில் அந்த நேரத்தைக் கூம்பு முளையில் செலவழியுங்கள்.

பிரிக்கும் நாள்

பலகைமேல் இருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, ஒருவர் பலகையைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் முளைமேல் இருக்கும் இறுக்கம் குறையும். இன்னொருவர் உள்ளேயிருந்து நுனியைக் கட்டைவிரலால் தள்ளலாம். மழைக்காலத்தில் உப்பி அசையாமல் இருந்தால், வெளியே இருக்கும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் திருகிக்கொண்டே இழுங்கள். சுத்தியலைத் தேடத் தோன்றும். முளையின் நுனி நசுங்கினால் அடுத்த முறை துளையில் சிக்கும் என்பதால், கிடைத்த ஒரு மரத்துண்டால் தட்டுங்கள்.

நாலு முளையையும் ஒரு துணிப்பையில் போட்டு, சட்டத்தின் ஒரு காலோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பலகை வேறு வண்டியில் ஏறினாலும் பரவாயில்லை, முளையும் துளையும் ஒன்றாகப் போய்ச் சேரும். அந்தப் பையில் ஐந்தாவதாக, சீவாத சதுரக் குச்சி ஒன்றும் போட்டு வையுங்கள். ஏதாவது ஒன்று தொலைந்தால் புது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சீவிக்கொள்ளலாம்.